கூண்டில் நான் சொல்லாதது

மகனே,

நலம் விசாரிக்கிற வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில் பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருப்பவனுக்கு என்ன குறை? உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "அப்பா, நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது" என்று எழுதி, 'எல்லோருக்கும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். அந்த எல்லோரில் கீரைக்கார அஞ்சலை இருக்கிறாளா என்று திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். இல்லை. நீ, நான், உன் அம்மா, உனக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற சம்பந்தம், என் ரிட்டயர்மெண்ட். அதோடு முடிந்துவிட்டது உன் எல்லோரும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். "புள்ள நல்லதுக்குத்தானே எழுதியிருக்கான்" என்றாள் உன் அம்மா. எனக்குக் கோபமே அந்த நல்லதின் மேல்தான்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே உன் சீனியர் நடத்திய வழக்கு ஒன்றைச் சொன்னாய். யாரோ ஒரு சாட்சி, சிவில் வழக்கில் கூண்டேறி, "இதற்குப் பதில் சொன்னால் நான் குற்றவாளி ஆகிவிடுவேன், சொல்ல மாட்டேன்" என்று முரண்டு பிடித்தானாம். நீ சிரித்தாய். "அது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உள்ள உரிமைப்பா. சிவில் கேஸ்ல சாட்சி அப்படித் தப்பிக்க முடியாது. கேட்டா சொல்லித்தான் ஆகணும். ஆனா கோர்ட்டு கட்டாயப்படுத்தி வாங்கின பதிலை வெச்சு அவன் மேல கிரிமினல் கேஸ் போட முடியாது. பொய் சொன்னா மட்டும்தான் மாட்டுவான்." ரசத்தைப் பிசைந்துகொண்டே எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்! நான் "நெஜமாவா?" என்றேன். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது உனக்கே எரிச்சல் வந்து, "செக்‌ஷன் நம்பர் சொல்லட்டுமாப்பா?" என்றாய். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். நீ சொன்ன அதே வார்த்தைகளை எனக்கு ஒரு நீதிபதி ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். கூண்டில் நின்றுகொண்டு அதைக் கேட்டவன் நான்.

மறுநாள் காலை உன்னை பஸ் ஏற்றிவிட நடந்து வந்தபோது அரையும் குறையுமாக உன்னிடம் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு நீ கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்குத் தெரியும்?" என்பதுதான். பஸ் வந்துவிட்டது, நீயும் ஏறிப் போய்விட்டாய். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு எங்கள் பிளாக் வரைக்கும் நடந்து வந்தது. அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். வக்கீலாக இல்லாமல் மகனாகப் படி. முடியாவிட்டால் வக்கீலாகவே படி, பரவாயில்லை.

அப்போது இங்கே சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் படவே ஆரம்பிக்கவில்லை. மண்ணும் தண்ணீரும்தான். தோண்டத் தோண்ட அடியிலிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டு வரும். அதை இறைக்கிற பம்ப்புகள் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது. நான் பம்ப் ஆபரேட்டர். ஷிப்டுக்குப் போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவன் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இன்னொருவன் ஊரிலிருந்து வருகிற மாமனாரை ரயிலடியில் போய்க் கூப்பிட வேண்டும் என்றால், கூட வேலை செய்கிறவன் அவன் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிட்டு இரண்டு பம்ப்பையும் பார்த்துக்கொள்வான். அடுத்த வாரம் இவன் அவனுக்குச் செய்வான். அதை நாங்கள் யாரும் தப்பு என்று நினைத்ததே கிடையாது. பல ஜில்லாக்களிலிருந்து வந்து சேர்ந்த எங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் உறவு என்று இருந்தது அது ஒன்றுதான்.

நீ கடலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. வடலூரில் வாடகைக்கு இருந்த வீட்டுச் சாமான்களை எடுத்து வர வேண்டும். உன் அம்மா பஞ்சாங்கம் பார்த்து, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பால் காய்ச்சியே தீர வேண்டும், அதைவிட்டால் அடுத்த மாதம்தான் என்று சொல்லிவிட்டாள். எனக்கோ மத்தியானம் தொடங்குகிற இரண்டாவது ஷிப்டு. கூட்டாளி ஒருவர் என் டோக்கனை மாட்டினார். வடலூரில் வாடகை லாரி ஒன்றைப் பேசியிருந்தேன். போனால் டிரைவருக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "நீதான் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புல ஓட்டினவனாச்சே, ஓட்டிக்கினு போயி சாமான இறக்கிட்டுக் கொண்டாந்து உட்டுடு" என்றார். லாரி ஓட்ட எனக்கு லைசென்ஸ் கிடையாது. கட்டில், பாத்திரம், உன் புத்தகப் பெட்டி, உன் அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில், இடது பக்கம் தட் என்று ஒரு சத்தம். சாமான் சரிந்ததாக்கும் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரே புழுதி. சாலையோரம் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. வேறொன்றும் தெரியவில்லை. காலை பிரேக் மேல் வைத்தேன். அமுக்கவில்லை. என் டோக்கன் பலகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் சாலையில் இருக்கிறேன், கையில் லைசென்ஸ் இல்லை. நின்றால் மூன்றும் வெளியே வரும். வேலை அப்போதுதான் பெர்மனெண்ட் ஆகியிருந்தது. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பால் பொங்கியது. உன் அம்மா முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். நான் குடித்தேன்.

அந்த சைக்கிளில் வந்தவர் பெயர் வீரப்பன். பக்கத்து கிராமத்துக்காரர், கான்ட்ராக்டரிடம் மண் சுமக்கிற வேலை. அஞ்சலையின் புருஷன். பொழுது சாய்ந்த பிறகுதான் யாரோ பார்த்து வண்டியில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. எந்த வண்டி மோதியது என்று போலீசுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து இது என் காதுக்கு வந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ள படிச்சு முடிக்கட்டும்" என்றாள். அப்படித்தான் உன் பெயர் இதற்குள் வந்தது. நீ கேட்காமலே உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டோம்.

அஞ்சலை சும்மா இருக்கவில்லை. கூலி வேலை செய்கிறவள், எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒரு வக்கீலைப் பிடித்து லாரி முதலாளி மேல் சிவில் வழக்குப் போட்டாள். அந்த லாரி அன்று வெளியே எடுக்கவேயில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அவர் வக்கீல் எழுந்து, வீரப்பன் சாராயம் குடித்துவிட்டுத் தானாகவே சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறான் என்றார். மதுவிலக்கு இருக்கிற ஊரில் செத்துப் போன மனுஷன் மேல் அதையும் ஏற்றினார்கள். அந்த வழியாக அந்த லாரி போனதையும் அதை நான் ஓட்டியதையும் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் அஞ்சலையிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் அவள் பக்கத்து வக்கீல் எனக்குச் சம்மன் அனுப்பினார். நான் பிரதிவாதி இல்லை, வெறும் சாட்சிதான்.

எங்கள் பம்ப் ஹவுசில் பேப்பர் படிக்கிறவர் ஒருவர் இருந்தார். யார் விஷயம் என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். "நமக்கு எதிரா நாமளே சாட்சி சொல்ல வேணாம்னு அரசியல் சட்டத்துலயே போட்டிருக்கு சார். வாயை மூடிக்கிட்டு நின்னா ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். எந்த வழக்கு, யாருக்கு அந்த உரிமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடலூர் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த ஒரு வரியை மந்திரம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

"அன்று மாலை அந்த லாரியை ஓட்டியது நீங்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல இஷ்டமில்லை, சட்டத்தில் எனக்கு அந்த உரிமை உண்டு என்றேன். கோர்ட்டில் ஒரு சலசலப்பு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வயதான மனுஷர். கோபப்படவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் நிதானமாகச் சொன்னார். "அந்த உரிமை கிரிமினல் கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இது சிவில் கேஸ், நீங்க சாட்சி. பதில் சொல்லித்தான் ஆகணும்னு நான் உத்தரவு போடறேன். நான் கட்டாயப்படுத்திச் சொல்றதால, நீங்க சொல்ற பதிலை வச்சு உங்களைக் கைது பண்ண முடியாது, உங்க மேல குற்றத்தை நிரூபிக்கவும் முடியாது. பொய் சொன்னா மட்டும்தான் தண்டனை. புரிஞ்சுதா? பயப்படாம சொல்லுங்க."

பயப்படாமல் சொல்லுங்கள். மகனே, அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. ஏன் தெரியுமா? அது நான் சொல்கிற வார்த்தை. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது நான் ஆசையாக வாங்கிய ரேடியோ ஒருநாள் பாடவில்லை. பின்பக்கப் பலகை கழன்றிருந்தது. உன்னைக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லு, அப்பா ஒண்ணும் பண்ண மாட்டேன், பயப்படாம சொல்லு" என்றேன். நீ நம்பினாய். உள்ளே மனுஷன் இருக்கிறானா என்று பார்த்தேன், வால்வு கையோடு வந்துவிட்டது என்று சொன்னாய். பெல்ட்டைக் கழற்றினேன். உன் அம்மா குறுக்கே வந்து விழுகிற வரைக்கும் அடித்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் ஒத்துக்கொண்டதே இல்லை. உன் பிள்ளைப் பருவம் முழுக்க எனக்குக் கிடைத்த பதில் "தெரியாதுப்பா" என்பதுதான். அன்றைக்குக் கூண்டில் நின்றபோது அந்த நீதிபதி எனக்கு நீதிபதியாகத் தெரியவில்லை. பெல்ட்டுக்குக் கை வைக்கப் போகிற ஒரு அப்பனாகத்தான் தெரிந்தார். என் யோக்கியதையை வைத்து அவரை எடை போட்டேன். நான் வாக்குத் தவறுகிறவன், அதனால் சட்டமும் வாக்குத் தவறும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நான் ஓட்டவில்லை. ஷிப்டில் இருந்தேன். டோக்கன் சாட்சி" என்றேன். டோக்கன் பலகையைப் பார்த்துப் பதிகிற ரிஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்தார்கள். என் நம்பருக்கு நேரே வரவு இருந்தது. டீக்கடைக்காரர், ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை, புழுதியாக இருந்தது என்று பின்வாங்கிவிட்டார். அஞ்சலை வழக்கில் தோற்றாள். அவள் புருஷன் குடிபோதையில் தானே விழுந்திருக்கலாம் என்று தீர்ப்பில் எழுதியாகிவிட்டது. எந்த உண்மைக்கு எனக்குப் பாதுகாப்பு இருந்ததோ அதைச் சொல்லவில்லை. எந்த ஒன்றுக்கு மட்டும் பாதுகாப்பு கிடையாது என்று அந்தப் பெரியவர் சொன்னாரோ, அந்தப் பொய்ச்சாட்சியைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். இதைவிட முட்டாள்தனமாக ஒருவன் சட்டத்தைப் பயன்படுத்த முடியுமா? நீ படித்தவன், சொல். உண்மையைச் சொல்லியிருந்தால் ஜெயில் இல்லை. டோக்கன் விவகாரத்தில் வேலை போயிருக்கலாம், குவார்ட்டர்சைக் காலி செய்திருக்கலாம். போகட்டுமே! பம்ப் ஆபரேட்டருக்கு வேறு ஊரா இல்லை?

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வழக்கு முடிந்து ஒரு வருஷம் இருக்கும். அஞ்சலை கீரைக் கூடையோடு எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாள் என்னை வாசலில் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்குங்க. எவனோ சொன்னான்னு உங்களப் போயி சந்தேகப்பட்டு கோர்ட்டு வரைக்கும் இஸ்துட்டேன். நீங்க வேலையில இருந்தீங்கன்னு அப்பறந்தாங்க தெரிஞ்சுது" என்றாள். உன் அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் "பரவாயில்லம்மா" என்றேன். பரவாயில்லையாம்! அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள். ஒரு கட்டு கேட்டால் இன்னொரு சின்னக் கட்டைக் கூடவே வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். என்னைச் சந்தேகப்பட்டதற்கு அது அவள் செய்கிற பரிகாரம். இத்தனை வருஷமாக அந்தக் கீரையைத் தின்றுகொண்டிருக்கிறோம். பொங்கலுக்கு வந்தபோது நீயும்தான் தின்றாய்.

போன வாரம் வந்தவள் கூடையைத் தூக்காமல் நின்றாள். மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாள். நல்ல இடம், பையன் மைன்சில் வேலை பார்க்கிறான். எல்லாம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் யாரிடமோ விசாரித்துவிட்டு, குடித்துச் செத்தவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்கிறாராம். "எங்க வூட்டுக்காரரு சாராய வாசனையே ஆவாதவருங்க. பாக்கு கூடப் போடமாட்டாரு. கோர்ட்டுலயே எழுதி வச்சிருக்குதேன்னு கேக்குறாங்க. நான் இன்னான்னு சொல்றது? பணம் காசு ஒண்ணும் வேணாங்க. அவரு குடிக்கலன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க படிச்சவங்க, அந்த வூட்டாண்ட வந்து சொன்னீங்கன்னா கேட்டுக்குவாங்க" என்றாள். இந்த ஊரில் அதைச் சொல்லத் தகுதியான ஒரே ஆளிடம்தான் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கே உனக்கு எழுதினேன். அதற்குத்தான் நீ இரண்டு கோடு போட்டுப் பதில் எழுதினாய்.

உன் கடிதத்தில் சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நீதிமன்றம் கட்டாயப்படுத்திச் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு, இப்போது நீங்களாகப் போய்ச் சொன்னால் அது சும்மா ஒரு ஒப்புதல், வண்டி ஓட்டியதற்கும் மாட்டுவீர்கள், பொய்ச்சாட்சிக்கும் மாட்டுவீர்கள் என்கிறாய். சரி. குடை கொடுத்தபோது வாங்காமல் போனவன் இப்போது நனைய வேண்டியதுதான். அதற்கு நான் யார் மேல் வழக்குப் போடட்டும்? ஆனால் உன் கடிதம் முழுக்க 'மாட்டுவீர்கள்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஒரு இடத்திலாவது 'பாவம்' என்று எழுதக்கூடாதா? உன் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் பாதிக்கு மேல் என் மேல்தான். வாயைத் திறந்தால் அடி விழும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அந்தப் பாடத்தை நீ கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு எனக்கே திருப்பி நடத்துகிறாய். தன்னைக் காட்டிக் கொடுத்துக்கொள்ளாமல் இருக்கிற உரிமை அவசியமானது, மகனே. போலீஸ்காரன் கையில் லத்தியோடு நிற்கும்போது ஏழைக்கு அது ஒன்றுதான் துணை. நீ அதற்காக வாதாடு, தொண்டை கிழியக் கத்து. ஆனால் என்னைப் போல, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வதைபடுகிறபோது ஒளிந்துகொள்ளப் பள்ளமாக அதை வெட்டி வைத்துக்கொள்ளாதே. இனி யாராவது உன்னிடம் வந்து கதறினால், வேறு யாருக்குத் தெரியும் என்று முதலில் கேட்காதே. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேள்.

டோக்கனை மாட்டியவரின் பெயரை இதில் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். அன்று நான் எங்கே போனேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வாயை அவர்தான் திறக்க வேண்டும். டிரைவர் போன வருஷம் காலமாகிவிட்டார். ஆகவே நான் என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உன் சம்பந்தம் கெடும் என்கிறாய். கெடலாம். செல்வியின் சம்பந்தம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கிறது. உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று என் வேட்டி சட்டையை வெளுத்து மடித்து, கட்டில் மேல் வைத்திருந்தாள். அஞ்சலையோடு நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

இன்று வியாழக்கிழமை. கீரை வருகிற நாள். இந்தக் கடிதத்தை அஞ்சலைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உனக்குத் தபாலில் சேர்ப்பேன். இதை எழுதும்படி எந்த நீதிபதியும் உத்தரவிடவில்லை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்தும் போடுகிறேன். இதன் அர்த்தம் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அப்பா

படித்துக் காட்டிவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். அஞ்சலை வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "கண்ணாடியில பாத்தேன்னு எழுதிகீறீங்களே. நீங்க பாத்தப்ப அவரு உயிரோட இருந்தாராங்க?"

மேலே நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று போய்ப் பார். வேறொன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து எழுதிய கடிதத்தில்கூட அந்த இடம் வந்ததும் என் கை தானாகவே பொய் எழுதிவிட்டது. உன் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது.

"இருந்தாரும்மா" என்றேன். "எழுந்து உக்காந்துட்டாரு. கையைத் தூக்கிக் கூப்பிட்டாரு."